212-ஆவது பிரேமில் நிறம் மாறிய இதயம்: நுண்ணோக்கி மென்பொருளில் டிரிகர் முறைகள் சேர்த்த அனுபவம்

"அண்ணா, பாதியில் ரத்தம் பச்சையாக ஓடத் தொடங்குகிறது" என்று ஆய்வு மாணவி மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். திரையில் இரண்டு நாள் வயதுள்ள வரிக்குதிரை மீன் குஞ்சின் இதயம். இதயத் தசை ஜிஎஃப்பி புரதத்தால் பச்சையாகவும், சிவப்பணுக்கள் டிஎஸ்ரெட் புரதத்தால் சிவப்பாகவும் ஒளிரும் மீன் வகை அது. தொடக்கத்தில் எல்லாம் சரியாக இருந்தது. 212-ஆவது பிரேமிலிருந்து இதயச் சுவர் சிவப்பானது, ரத்தம் பச்சையானது, கடைசிப் பிரேம் வரை அப்படியே போனது. மென்பொருள் ஒரு பிழைச் செய்தியும் தரவில்லை. 600 பிரேம் கேட்டோம், 600 பிரேம் வந்திருந்தன.

அந்தக் கேமராவுக்கான டிரிகர் முறைகளை, அதாவது எப்போது படம் எடுக்க வேண்டும் என்று கேமராவுக்குச் சொல்லும் முறைகளை, எழுதியவன் நான். இங்கே தசையும் ரத்தமும் வடிவத்திலேயே வேறுபட்டவை என்பதால் கண்ணில் பட்டுவிட்டது. ஒரே செல்லுக்குள் இரண்டு புரதங்களை ஒப்பிடும் சோதனையாக இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. தலைகீழான அளவீடுகள் அப்படியே கட்டுரைக்குள் போயிருக்கும். அதை நினைத்த பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. எழுதியதைத் திரும்ப எழுத மூன்று வாரம் ஆனது. அதன் பதிவு இது.

அமைப்பு எளிமையானதுதான். ஒரு ஒளிர்வு நுண்ணோக்கி; 470 நானோமீட்டர் நீல எல்இடி ஒன்று, 560 நானோமீட்டர் பச்சை எல்இடி ஒன்று (நீல ஒளியில் ஜிஎஃப்பி பச்சையாக ஒளிரும், பச்சை ஒளியில் டிஎஸ்ரெட் சிவப்பாக); இரண்டு நிறத்தையும் கடத்தும் இரட்டைப் பட்டை வடிகட்டி; தொழிற்சாலைப் பரிசோதனைகளுக்காக விற்கப்படும் யுஎஸ்பி-3 கேமரா. அந்தக் கேமராவில் இருப்பது படத்தை வரிவரியாகப் பதியும் ரோலிங் ஷட்டர் சென்சார். எல்இடிகளை மாற்ற ஆர்டுயினோ நானோ என்ற சிறிய கட்டுப்பாட்டுப் பலகை. எல்லாவற்றையும் ஓட்டுவது மைக்ரோ-மேனேஜர். 2005-இல் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ரான் வேலின் ஆய்வகத்தில் தொடங்கப்பட்ட திறந்த மூல மென்பொருள் அது. ஒவ்வொரு கருவிக்கும் சி++ மொழியில் ஓர் இணைப்பு நிரல் எழுதினால் போதும். மேலே இருக்கும் திரையும் படப்பதிவுத் திட்டமும் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவானவை. எங்கள் கேமராவுக்குக் கிடைத்த இணைப்பு நிரலில் டிரிகர் என்ற சொல்லே இல்லை. கேமரா தன் போக்கில் ஓடும், படம் தரும், அவ்வளவுதான்.

டிரிகர் இல்லாமல் முதலில் முயன்றோம். நீல எல்இடியை ஏற்று, ஒரு படம் எடு, அணை, அடுத்ததை ஏற்று, இன்னொரு படம் எடு. கணினி ஒவ்வொரு படியையும் சொல்லிக்கொண்டே போகும். நொடிக்கு மூன்று ஜோடிக்கு மேல் தாண்டவே இல்லை. இந்த வயதுக் குஞ்சின் இதயம் எங்கள் நுண்ணோக்கி மேடையின் வெப்பநிலையில் நிமிடத்துக்குச் சுமார் 150 முறை துடித்தது. அதாவது ஒரு துடிப்புக்கு 400 மில்லி விநாடி. நொடிக்கு மூன்று ஜோடி என்றால் ஒரு துடிப்புக்கு ஒரு ஜோடியைவிடச் சற்றே கூடுதல். இதயம் எப்படிச் சுருங்குகிறது என்று அதில் பார்க்க முடியாது.

நேரம் எங்கே போகிறது என்று தேடியதில் இரண்டு இடங்கள் அகப்பட்டன. ஒன்று ஆர்டுயினோ. நானோவை யுஎஸ்பியோடு இணைக்கும் எஃப்டிடிஐ சிப், சின்னச் சின்ன பதில்களைச் சேர்த்துவைத்து அனுப்புகிறது. அந்தக் காத்திருப்பு நேரம் இயல்பாகவே 16 மில்லி விநாடி. ஒவ்வொரு எல்இடி மாற்றத்துக்கும் "செய்தேன்" என்ற ஒரு பைட் பதிலுக்காக அத்தனை நேரம் வீணாகிறது. டிரைவர் அமைப்பில் அதை 1 மில்லி விநாடியாகக் குறைத்தேன். இரண்டாவது, கேமராவே. ஒவ்வொரு தனிப் படத்துக்கும் பழைய நிரல் படப்பதிவைத் தொடங்கி, ஒரு பிரேம் வாங்கி, நிறுத்திக்கொண்டிருந்தது. தொடங்கி நிறுத்துவதற்கு மட்டுமே என் அளவீட்டில் 100 மில்லி விநாடிக்கு மேல் ஆனது.

இந்த இரண்டாவதற்கு மருந்து மென்பொருள் டிரிகர். கேமராவை ஒருமுறை ஆயத்தப்படுத்திவிட்டு, படம் வேண்டும்போது மட்டும் "இப்போது" என்று ஒரு கட்டளை அனுப்புவது. நேரத் துல்லியம் கணினியைப் பொறுத்ததே என்றாலும், சும்மா நிற்கும் கேமராவை ஒவ்வொரு முறையும் எழுப்பும் செலவு போய்விடுகிறது. வெளியிலிருந்து கம்பி ஒன்றும் இழுக்க வேண்டாம். டிரிகர் என்றாலே பிஎன்சி கேபிள் என்று நினைக்கிறவர்கள் இந்த முறையை முதலில் முயன்று பார்க்க வேண்டும். பாதிப் பேருக்கு இதுவே போதும்.

எங்களுக்குப் போதவில்லை.

ஒரே பொருளுக்கு ஒன்பது பெயர்

வெளி டிரிகரை, அதாவது ஆர்டுயினோ கம்பி வழியாக அனுப்பும் மின் பல்ஸ் ஒவ்வொன்றுக்கும் கேமரா படம் எடுக்கும் முறையை, எழுத உட்கார்ந்தபோது மற்ற கேமராக்களின் இணைப்பு நிரல்கள் இதை எப்படிக் காட்டுகின்றன என்று பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு மொழி பேசுகிறது. ஒன்றில் 'டிரிகர் சோர்ஸ்' என்றும் 'டிரிகர் ஆக்டிவ்' என்றும் இரண்டு தேர்வுகள். இரண்டாவதில் எட்ஜ், லெவல், சிங்க் ரீடவுட் என்று மூன்று. இன்னொன்றில் ஒரே பட்டியலில் இன்டர்னல், எக்ஸ்டர்னல், எக்ஸ்டர்னல் ஸ்டார்ட், எக்ஸ்டர்னல் எக்ஸ்போஷர். வேறொன்றில் லெவல் முறைக்குப் பெயர் 'பல்ப்'. பழைய புகைப்படக் கலைஞர்கள் ரப்பர்க் குமிழை அழுத்திப் பிடித்திருக்கும் வரை ஷட்டர் திறந்திருந்த காலத்தின் மிச்சம் அது. சொல் அழகானது, ஆனால் ஒரு படப்பதிவு நிரல் எல்லாக் கேமராவோடும் பேச வேண்டுமென்றால் இத்தனை பெயர்களையும் அது கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தக் குழப்பத்திலிருந்து என்னை மீட்டது ஜெனிகேம் தரநிலை. ஐரோப்பிய இயந்திரப் பார்வைச் சங்கம் பராமரிப்பது. என் கேமராவும் அதன்படி நடப்பதுதான். அதில் டிரிகர் என்பது ஒரே பட்டியலாக இல்லை. தனித்தனிக் கேள்விகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. டிரிகர் எதைத் தொடங்குகிறது: ஒரு பிரேமையா, முழுத் தொடரையா? எங்கிருந்து வருகிறது: மென்பொருளிலிருந்தா, எந்தக் கம்பியிலிருந்து? சிக்னல் ஏறும்போதா, இறங்கும்போதா? எக்ஸ்போஷர், அதாவது சென்சார் ஒளியைச் சேர்ப்பது, எவ்வளவு நேரம் என்று முடிவு செய்வது யார்: கேமராவின் கடிகாரமா, பல்ஸின் அகலமா? முந்தைய பிரேம் வாசிக்கப்படும்போதே அடுத்த டிரிகரை ஏற்கலாமா?

இப்படிப் பிரித்துவிட்டால் ஒன்பது பெயர்களும் கரைந்துவிடுகின்றன. 'எட்ஜ்' என்பது பிரேமைத் தொடங்கும் டிரிகர், நேரம் கேமராவுடையது. 'லெவல்' என்பது அதே டிரிகர், நேரம் பல்ஸின் அகலம். 'எக்ஸ்டர்னல் ஸ்டார்ட்' என்பது தொடரைத் தொடங்கும் டிரிகர். முதல் பல்ஸ் வந்ததும் மீதி எல்லாம் கேமராவின் சொந்த ஓட்டம். என் இணைப்பு நிரலிலும் இந்தக் கேள்விகளையே தனித்தனிப் பண்புகளாக வைத்தேன்.

கேள்விகள் தனித்தனி என்றாலும் அமைக்கும் வரிசை முக்கியம் என்பதை ஒரு மாலை முழுவதும் செலவழித்துத் தெரிந்துகொண்டேன். எந்த டிரிகரைப் பற்றிப் பேசுகிறோம் என்று தேர்ந்தெடுத்த பிறகுதான் அதை இயக்குவதும் அணைப்பதும் நடக்கும். காலையில் 'தொடரைத் தொடங்கும் டிரிகர்' முறையைச் சோதித்துவிட்டு, மதியம் 'பிரேமைத் தொடங்கும் டிரிகர்' முறைக்கு மாறினேன். முந்தையதை அணைக்கவில்லை. கேமராவின் நினைவில் இரண்டும் இயக்கத்தில் இருந்தன. அது முதல் டிரிகருக்காகக் காத்துக்கொண்டு, நான் அனுப்பிய பிரேம் டிரிகர்கள் எதையும் கண்டுகொள்ளவில்லை. மென்பொருளை மூடித் திறந்தாலும் தீரவில்லை, ஏனென்றால் அமைப்பு கேமராவுக்குள் இருக்கிறது. மின்சாரத்தைத் துண்டித்தால்தான் போகும். இப்போது என் நிரல் தொடங்கும்போதே கேமராவில் உள்ள எல்லா டிரிகர் வகைகளையும் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து அணைக்கிறது. அதன் பிறகே கேட்டதை இயக்குகிறது.

காத்திருக்கத் தெரிய வேண்டும்

மைக்ரோ-மேனேஜரில் ஒரு தனிப் படம் எடுக்கும் செயல்பாட்டுக்கு ஒரு விதி உண்டு: எக்ஸ்போஷர் முடியும்வரை அது திரும்பக் கூடாது. திரும்பியதும் மென்பொருள் ஷட்டரை மூடிவிடும். தன் போக்கில் ஓடும் கேமராவுக்கு இது நல்ல விதி. வெளி டிரிகரில் டிரிகர் வராமலே போனால்? என் முதல் வடிவத்தில் முழுத் திரையும் உறைந்தது. எல்இடிக் கம்பி கழன்றிருந்தது என்ற ஒரு சின்னக் காரணத்துக்காக, மேடையின் இடமும் குவியமும் சேமிக்கப்படாமல் மென்பொருளைக் கொல்ல வேண்டியிருந்தது.

தொடர் பதிவிலும் அதே சிக்கல். பிரேமுக்காகக் காத்திருக்கும் இழை (நிரலில் தனியாக ஓடும் பகுதி) தூங்கிக்கொண்டிருக்கும்போது 'நிறுத்து' பொத்தானை அழுத்தினால், அந்த இழை எழுந்தால்தானே நிறுத்த முடியும்? எல்லாக் காத்திருப்பையும் 100 மில்லி விநாடித் துண்டுகளாக வெட்டினேன். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் நிறுத்தக் கொடி உயர்ந்திருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் மறுபடி காத்திருக்கும். மொத்தக் காத்திருப்புக்குப் பயனர் வைக்கும் உச்சவரம்பு தனி. அது கடந்தால் "டிரிகர் வரவில்லை, 2-ஆம் கம்பியைப் பாருங்கள்" என்று செய்தி வரும். கம்பியின் எண்ணைச் செய்தியிலேயே எழுதியது எனக்கு மிகவும் பிடித்த ஒரு வரி. இருட்டறையில் நள்ளிரவில் நிற்பவருக்கு அது எவ்வளவு உதவும் என்று நின்றவர்களுக்குத் தெரியும்.

மென்பொருள் டிரிகரிலும் ஒரு பொறி இருந்தது. கேமரா ஆயத்தமாகும் முன் கட்டளை போனால் அது சத்தமில்லாமல் புறக்கணிக்கப்படுகிறது. பிழை எதுவும் திரும்பாது. கேமராவிடம் "பிரேம் டிரிகருக்குக் காத்திருக்கிறாயா" என்று கேட்கும் வசதி ஜெனிகேமில் இருக்கிறது. அது ஆம் என்ற பிறகே கட்டளையை அனுப்பும்படி மாற்றினேன். இந்த வசதியை அப்போது மென்பொருள் டிரிகருக்கு மட்டும் பயன்படுத்தினேன். வெளி டிரிகருக்கும் அதுவே தேவை என்று எனக்குத் தோன்றவில்லை. 212-ஆவது பிரேம் அங்கேதான் பிறந்தது.

ஆசிலோஸ்கோப் முன்னால்

ரோலிங் ஷட்டரில் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து, ஒன்றன்பின் ஒன்றாக மூடுகின்றன. எங்கள் கேமராவில் ஒரு வரிக்குச் சுமார் 8 மைக்ரோ விநாடி. முழுச் சட்டத்தின் 2048 வரிகளுக்கு 16.4 மில்லி விநாடி. இதயம் படத்தின் நடுவில் சிறிய இடத்தில்தான் இருக்கிறது என்பதால் 1024 வரிகளாக வெட்டினோம், 8.2 மில்லி விநாடி ஆனது. (அகலத்தை வெட்டியும் பார்த்தோம், இந்த சென்சாரில் அதனால் வேகம் கூடவில்லை. உயரத்தை வெட்டினால்தான் பலன்.)

எக்ஸ்போஷர் 12 மில்லி விநாடி என்று வைத்தால், கடைசி வரி 8.2-இல் திறக்கிறது, முதல் வரி 12-இல் மூடுகிறது. இடைப்பட்ட 3.8 மில்லி விநாடியில் மட்டும் எல்லா வரிகளும் ஒருசேரத் திறந்திருக்கும். எல்இடி அந்த 3.8-க்குள் மட்டும் எரிந்தால் இதயம் உறைந்ததுபோல் பதிவாகும்; அதற்கு வெளியே எரிந்தால் அடுத்த நிறம் இந்தப் பிரேமின் மேல்பகுதியிலோ கீழ்ப்பகுதியிலோ கசியும். கடைசி வரி 20.2-இல் மூடுகிறது. எங்கள் கேமரா டிரிகர் முறையில் முந்தைய பிரேமின்மேல் அடுத்ததை ஏற்றிக்கொள்வதில்லை. ஆகவே இரண்டு டிரிகர்களுக்கு இடையே குறைந்தது 20.2 மில்லி விநாடி வேண்டும். ஆர்டுயினோ 20.4-க்கு ஒரு பல்ஸ் அனுப்பியது. நொடிக்கு 49 பிரேம். கணக்கு சரி.

மேடையில் மீன் இருக்கும் இடத்தில் ஒளியை உணரும் ஒரு ஃபோட்டோடயோடை வைத்தேன். மின் சிக்னல்களைக் கோடுகளாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பின் முதல் தடத்தில் ஆர்டுயினோவின் பல்ஸ், இரண்டாவதில் கேமரா தரும் 'எக்ஸ்போஷர் நடக்கிறது' சிக்னல், மூன்றாவதில் வெளிச்சம். இரண்டாவது தடம் முதலில் பல் விழுந்த ரம்பம்போல் சாய்வாக ஏறியது. கேமராவின் வெளியீடு ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளியாக மாற்றிக் கடத்தும் பாகம்) வழியாக வருவது, தானாக மேலே இழுக்காது. நான் வைத்திருந்த 10 கிலோ ஓம் மின்தடையை 1 கிலோ ஓமாக மாற்றியதும் விளிம்பு நேராக நின்றது.

பிறகு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பல்ஸ், எக்ஸ்போஷர், வெளிச்சம். பல்ஸ், எக்ஸ்போஷர், வெளிச்சம். நூற்றுக்கணக்கில் சரியாகப் போனது. 'எக்ஸ்போஷர் சிக்னல் 25 மில்லி விநாடிக்கு மேல் கீழேயே இருந்தால் நில்' என்று ஆசிலோஸ்கோப்பைப் பொறி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது திரை நின்றிருந்தது. பல்ஸ் இருக்கிறது, வெளிச்சமும் இருக்கிறது, எக்ஸ்போஷர் இல்லை. கேமரா தூங்கிக்கொண்டிருக்கும்போது எல்இடி மீனின்மேல் எரிந்து அணைந்திருக்கிறது.

பல்ஸ்களின் இடைவெளியை அளந்தேன். விடுபட்ட பல்ஸுக்கு முந்தையது 20.7 மில்லி விநாடி இடைவெளியில், அதாவது 0.3 தாமதமாக வந்திருந்தது. விடுபட்ட பல்ஸ் தன் குறித்த நேரத்துக்கே வந்திருந்தது. எனவே இரண்டுக்கும் நடுவில் 20.1. கேமராவுக்கு வேண்டியது 20.2. தாமதமான பல்ஸை அது ஏற்றுக்கொண்டது. நேரம் தவறாமல் வந்ததைத்தான் தள்ளிவிட்டது.

தாமதம் எங்கிருந்து? கணினி அவ்வப்போது ஆர்டுயினோவிடம் நிலை கேட்கிறது. என் ஆர்டுயினோ நிரல் அதற்குப் பதில் எழுதும் நேரமும் பல்ஸ் அனுப்பும் நேரமும் மோதினால் பல்ஸ் சற்றுப் பின்தங்கும். எப்போதாவது மட்டும் நடப்பது, அதனால்தான் என் சோதனைகளில் தப்பித்தது.

ஒரு பல்ஸ் விடுபட்டால் ஒரு பிரேம் போகும், அவ்வளவுதானே என்று தோன்றலாம். பிரேம் போனது சேதமே இல்லை. ஆர்டுயினோ தன் பல்ஸை எண்ணி நீலம், பச்சை, நீலம், பச்சை என்று மாற்றுகிறது. மென்பொருள் தனக்கு வந்த பிரேமை எண்ணி ஒற்றை, இரட்டை என்று பிரிக்கிறது. இரண்டு எண்ணிக்கைகளும் ஒன்றே என்று நான் நம்பியிருந்தேன். ஒரு பல்ஸ் விடுபட்ட கணத்திலிருந்து அவை ஒன்று விலகி நடக்கின்றன. ஆர்டுயினோ நிறுத்தச் சொல்லும்வரை பல்ஸ் அனுப்பும் என்பதால், 600 பிரேம் கேட்டால் 601 பல்ஸில் 600 பிரேம் நிறைந்துவிடும். கேமரா ஒவ்வொரு படத்தோடும் அனுப்பும் பிரேம் எண்ணைப் பார்த்தாலும் இது தெரியாது. எடுக்காத பிரேமுக்குக் கேமரா எண் கொடுப்பதில்லை. எண்கள் இடைவெளியின்றி 210, 211, 212 என்றே போகும்.

திருத்தம்

முதல் வேலை, பல்ஸை ஆர்டுயினோவின் நிரல் ஓட்டத்திலிருந்து பிரித்து அதன் 16 பிட் டைமரிடம் ஒப்படைத்தது. 16 மெகாஹெர்ட்ஸை எட்டால் வகுத்தால் ஒரு தட்டு அரை மைக்ரோ விநாடி. 20.4 மில்லி விநாடிக்கு 40,800 தட்டுகள். பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் பதிவேட்டில் 40,799 எழுத வேண்டும். கணினி என்ன கேட்டாலும், பதில் எவ்வளவு நீண்டாலும், பல்ஸ் நகராது. 0.3 மில்லி விநாடித் தாமதம் ஆசிலோஸ்கோப்பில் கண்ணுக்கே தெரியாமல் போனது.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நாளை யாராவது எக்ஸ்போஷரை 13 ஆக்கி இடைவெளியை மாற்ற மறந்தால் மறுபடி இதே கதை. ஆகவே ஆர்டுயினோ கேமராவைக் கேட்க வேண்டும். கேமராவின் இன்னொரு வெளியீட்டுக் கம்பியில் 'பிரேம் டிரிகருக்குக் காத்திருக்கிறேன்' என்ற சிக்னலை அமைத்து ஆர்டுயினோவுக்குக் கொண்டுவந்தேன். குறித்த நேரம் வந்தும் அந்தக் கம்பி உயரவில்லையென்றால் பல்ஸை அனுப்பாமல் பொறுத்திருக்கும், உயர்ந்ததும் அனுப்பும், 'தாமதம்' என்ற எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டும். சீரான இடைவெளி இதனால் கெடலாம் என்று மாணவி கவலைப்பட்டார். நியாயமான கவலை. ஆனால் கேமரா ஒவ்வொரு பிரேமுக்கும் தன் கடிகார நேரத்தைப் பதிந்து அனுப்புகிறது. அதைப் படத்தின் விவரக் குறிப்பில் சேர்த்துவிட்டேன். சீரற்ற இடைவெளியை அந்தக் குறிப்பைக் கொண்டு கணக்கில் கொள்ளலாம். எந்த நிறம் என்றே தெரியாத படத்தை எதைக் கொண்டும் மீட்க முடியாது.

மூன்றாவது மாற்றம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எல்இடியின் நிறத்தை இனி ஆர்டுயினோவின் பல்ஸ் முடிவு செய்வதில்லை. கேமராவின் 'எக்ஸ்போஷர் நடக்கிறது' சிக்னல் உயர்ந்தால்தான் நிறம் அடுத்ததுக்கு நகரும், எல்இடியும் எரியும். கேமரா ஒரு டிரிகரைத் தள்ளிவிட்டால் வெளிச்சமும் இல்லை, நிறமும் மாறாது. மீனுக்கும் வீண் ஒளி படுவதில்லை.

மென்பொருள் பக்கத்தில், நிறத்தை வந்த வரிசையைக் கொண்டு எண்ணுவதை விட்டுவிட்டு, கேமரா அனுப்பும் பிரேம் எண்ணைக் கொண்டு பிரித்தேன். கேமரா எடுத்த பிரேம் யுஎஸ்பி வழியில் தொலைந்தால் எண்ணில் இடைவெளி விழும். அந்த இடம் காலியாகவே பதிவாகும், அதற்குப் பிந்தையவை தத்தம் நிறத்தில் நிற்கும். பதிவு முடிந்ததும் ஆர்டுயினோவிடமிருந்து மூன்று எண்கள் வரும்: அனுப்பிய பல்ஸ், பார்த்த எக்ஸ்போஷர், தாமதங்கள். முதல் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் கோப்பைச் சேமிக்கும் முன்பே சிவப்பில் எச்சரிக்கை.

ஆய்வகத்தில் நெட்வொர்க் கேபிளில் ஓடும் இன்னொரு கேமராவும் உண்டு, எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் பதியும் குளோபல் ஷட்டர் உள்ளது. அதற்கும் இதே நிரலைப் பொருத்தியபோது, நல்லவேளையாகத் தரநிலையை வரிவரியாகப் படித்தேன். இத்தகைய நெட்வொர்க் கேமராக்களுக்கான தரநிலையான ஜிக்இ விஷனின் முதல் தலைமுறையில் பிரேம் எண்ணுக்கு 16 பிட்தான். 65,535-க்குப் பிறகு 0 வராது. அது ஒதுக்கப்பட்ட எண், ஆகவே அடுத்தது 1. இரண்டும் ஒற்றை எண்கள்! ஒற்றை, இரட்டை என்று பிரித்தால் அந்த இடத்தில் நிறங்கள் மறுபடி இடம் மாறியிருக்கும். நொடிக்கு 80 பிரேமில் அது வர 13 நிமிடம் 39 விநாடி ஆகும். சோதனைப் பதிவுகள் ஒருபோதும் அவ்வளவு நீளமாக இருப்பதில்லை. உண்மையான பதிவுகள் இருக்கும். எண்ணை விரித்து 64 பிட்டில் தொடர்ந்து எண்ணும் ஏழு வரி நிரல் சேர்த்தேன்.

அந்தக் கேமராவில்தான் லெவல் முறையையும் சோதித்தேன். 1 மில்லி விநாடி அகலப் பல்ஸுக்கு எக்ஸ்போஷர் 1.03 என்று அளவானது. ஆப்டோகப்ளர் உள்ளீடு எரிவதில் வேகம், அணைவதில் மந்தம். எட்ஜ் முறையில் இது யாருக்கும் தெரியாது. லெவல் முறையில் அணையும் விளிம்புதான் எக்ஸ்போஷரை முடிப்பது என்பதால் அந்த மந்தம் நேராகப் படத்தில் சேர்கிறது. ஆப்டோகப்ளர் இல்லாத நேரடிக் கம்பிக்கு மாறினேன். ஆர்டுயினோவின் 5 வோல்ட்டை 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் மின்தடைகளால் 3.3 வோல்ட்டாகப் பிரித்துக் கொடுத்தேன். லெவல் முறையில் மென்பொருளின் எக்ஸ்போஷர் பெட்டி கேமராவைக் கட்டுப்படுத்துவதில்லை என்பதால், அந்த முறையில் அதைச் சாம்பல் நிறமாக்கி ஆர்டுயினோவுக்குச் சொன்ன அகலத்தை அங்கே காட்டுகிறேன்.

கடைசியாக ஒரு வெகுமதி. யுஎஸ்பி கேமராவின் அமைப்புகளைத் துழாவியபோது 'குளோபல் ரீசெட்' என்ற ஷட்டர் முறை இருப்பதைக் கண்டேன். அதில் எல்லா வரிகளும் ஒரே கணத்தில் திறக்கின்றன. மூடுவது மட்டும் வரிசையாக. எல்இடி திறந்தவுடன் எரிந்து முதல் வரி மூடும் முன் அணைந்துவிட்டால் போதும், 8.2 மில்லி விநாடி காத்திருக்க வேண்டாம். 3.8 எக்ஸ்போஷர், 8.2 வாசிப்பு, மொத்தம் 12. இடைவெளியை 12.5 ஆக வைத்தோம், டைமரில் 24,999. நொடிக்கு 80 பிரேம், 40 ஜோடி.

முதல் படம் மேலே இருட்டாகவும் கீழே போகப் போக வெளுத்தும் வந்தது. கீழ் வரிகள் 12 மில்லி விநாடி திறந்திருக்கின்றன, மேல் வரிகள் 3.8 மட்டுமே, எல்இடி அணைந்த பிறகும் அறையின் வெளிச்சம் கீழ் வரிகளில் சேர்ந்துகொண்டே இருக்கிறது. கணினித் திரையின் ஒளிகூடப் போதும் அதற்கு. மாணவி போய்க் கறுப்புத் துணி ஒன்று கொண்டுவந்து நுண்ணோக்கியை மேடையோடு சேர்த்து மூடினார். சாய்வு மறைந்தது.

நேற்று அதே மீன் வகையில் 20 நிமிடப் பதிவு எடுத்தோம். பல்ஸ் 96,000, எக்ஸ்போஷர் 96,000, தாமதம் 0. பிரேம் எண்ணில் இரண்டு இடைவெளிகள் இருந்தன, யுஎஸ்பியில் தொலைந்தவை. அந்த இரண்டு இடங்களும் காலியாக இருந்தன. மாணவி கடைசிப் பிரேமுக்குப் போய்ப் பார்த்தார். இதயச் சுவர் பச்சை, ரத்தம் சிவப்பு.